பாடசாலை பூட்டினாலும் பாசறை பூட்ட வேண்டியதில்லை

2020 மார்ச் 18 ஆம் திகதி மாலை நான்கரை மணிக்குப் புத்தளம் மாவட்டத்தில் பொலிஸ் ஊரடங்கு விதிக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான ஊரடங்கு அதற்கு இரண்டு நாள் பிந்தி, 20 ஆம் திகதியே வந்தது. கொரோனாவுக்காக முதலில் கதவடைக்கப்பட்ட மாவட்டம் எமது மாவட்டம் என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். பாடசாலைகள் அதற்கும் முன்னரே, மார்ச் 13 முதல், மூடப்பட்டிருந்தன. பின்னர் திறப்பதும் பூட்டுவதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2021 ஏப்ரல் இறுதியில் பூட்டிய பாடசாலைகள் அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் தான் படிப்படியாகத் திறக்கத் தொடங்கின.

இந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகள் தவறவிட்ட பாடங்களைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. தவறவிட்ட இன்னொன்றைப் பற்றி அவ்வளவாக எவரும் பேசவில்லை. சாரணர், சாரணியர், விளையாட்டுக் கழகம், இளைஞர் கழகம் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. மீண்டும் தொடங்கியபோது அவற்றுள் சில தொடங்கவே இல்லை. எமது நாட்டில் சாரணியம் 1912 இல் மாத்தளையில் எப்.ஜீ. ஸ்டீவன்ஸ் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. சாரணியர் இயக்கம் 1917 இல் கண்டியில் ஆரம்பமானது. இரண்டும் அன்று தொட்டுப் பெரும்பாலும் பாடசாலைகளைச் சார்ந்தே வளர்ந்தன. அதனால் பாடசாலைப் படலைக்குப் பூட்டு விழுந்ததும் பாசறைக்கும் பூட்டு விழுந்தது. நோய் பரவியது அடைத்த அறைகளுக்குள். தடை விழுந்ததோ வெட்டவெளியின் மீது. அடுத்த தொற்று வரும்போது இவ்வாறு நடக்க விடக்கூடாது என்பதும், அதற்கான ஓராண்டுத் திட்டம் ஒவ்வொரு குடியிருப்பிலும் இப்போதே எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதும் எனது கருத்து.

அடுத்த தொற்றா என்று சிலர் சலித்துக்கொள்ளக் கூடும். உலக சுகாதார நிறுவனம் கொவிட் அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 ஆம் திகதி அறிவித்தது உண்மையே. ஆனால் அதே நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே 20 ஆம் திகதி ஜெனீவாவில் கூடி, இனிவரும் பெருந்தொற்றுக்களை எதிர்கொள்வதற்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. அரசாங்கங்கள் அடுத்ததற்கு ஆயத்தம் செய்கின்றன. கிராமங்களும் செய்யலாம்.

எமது குடியிருப்புகளின் நிலையை முதலில் பார்ப்போம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும் பகுதியினர் புத்தளம், தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி என்று இக்கரை நெடுகிலும் கிடுகுக் கொட்டில்களில் குடியேறினார்கள். வயலும் தோட்டமும் வைத்து வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தது சில பேர்ச் மணல். முப்பது ஆண்டுகள் கழிந்து கொட்டில் கல்வீடாகியிருக்கலாம். ஆனால் காணி பெருக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் பாட்டனும் பாட்டியும், பெற்றோரும், பிள்ளைகளுமாக மூன்று தலைமுறை வாழும் வீடுகள் ஏராளம். காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள் என்ற கட்டளை, வளவும் தனியறைகளும் உள்ள வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கலாம். இரண்டு அறை வீட்டில் அது முதியவரோடு பிள்ளையைச் சேர்த்துப் பூட்டுவதாகும். வெளியே பத்து நிமிட நடைத் தூரத்தில் களப்புக் கரையும் கடற்காற்றும் ஆளில்லாமல் கிடந்தன.

வெட்டவெளி பாதுகாப்பானது என்பது வெறும் நம்பிக்கை அல்ல. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்து 2021 இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, பதிவான தொற்றுக்களுள் பத்து வீதத்துக்கும் குறைவானவையே வெளியிடங்களில் ஏற்பட்டவை என்று கண்டது. நூறாண்டுக்கு முன் சயரோகத்துக்கு மருந்தில்லாத காலத்திலும் இதையே செய்தார்கள். 1904 இல் பேர்லின் அருகே காட்டுக்குள் பாடசாலை வைத்து நோஞ்சான் பிள்ளைகளை மரத்தடியில் இருத்திப் படிப்பித்தார்கள். பின்னர் பல நாடுகள் அதனைப் பின்பற்றின.

அதற்காக, பாசறை என்று பெயர் வைத்தால் எல்லாம் பாதுகாப்பாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2020 ஆம் ஆண்டின் அதே கோடையில் அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். ஜோர்ஜியா மாநிலத்தில் ஜூன் மாதம் ஓர் இளைஞர் பாசறை நடந்தது. வந்தவர்கள் அனைவரும் முன்கூட்டியே பரிசோதனை செய்து, நோயில்லை என்ற சான்றோடு வந்தவர்கள். ஆனால் இரவில் அடைத்த குடில்களில் கூட்டமாகத் தூங்கினார்கள். யன்னல்கள் திறக்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு முகக்கவசம் கட்டாயமில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றாகக் கூடி உரத்துப் பாடியும் ஆர்ப்பரித்தும் மகிழ்ந்தார்கள். முடிவு தெரியவந்த 344 பேருள் 260 பேருக்குத் தொற்று இருந்தது. மேய்ன் மாநிலத்தில் அதே கோடையில் நான்கு பாசறைகளில் 1,022 பேர் தங்கினார்கள். அங்கு தொற்றோடு கண்டறியப்பட்டவர்கள் மூன்றே பேர். அவர்களிடமிருந்து வேறெவருக்கும் பரவவில்லை. முன்கூட்டியே தனித்திருந்து வந்ததும், திரும்பத் திரும்பச் செய்த பரிசோதனையும், இயன்றவரை எல்லாவற்றையும் வெளியில் நடத்தியதும், பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒரு குழு மற்றதோடு கலக்காமல் பார்த்துக்கொண்டதுமே அதற்குக் காரணங்கள்.

பரிசோதனை வசதி எமது ஊர்களுக்கு வேண்டியபோது கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் சிறு குழு எம்மிடம் உண்டு. உண்மையில் அது சாரணியத்தின் பழைய சொத்து. 1907 ஓகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதற் பாசறையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 20 சிறுவர்கள். அவர்களையும் ஒரே கூட்டமாக வைத்திருக்கவில்லை. நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, காகம் என்பன மூன்று அணிகளின் பெயர்கள். நான்காவது அணி, வளைந்த நீண்ட அலகுடைய ஒரு கரைப்பறவையின் பெயரைத் தாங்கியது. அப்பறவை வாடைக் காலத்தில் புத்தளம் களப்பின் சேற்றுத் திடல்களுக்கும் வந்துபோகிறது. அணியின் பெயரைத் தேடி எமது பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. ஐந்தாறு பேர், அவர்களுக்குள் ஒருவர் தலைவர், தமது வேலையைத் தாமே பார்த்துக்கொள்வது: இதுவே அணிமுறை. பெருந்தொற்றுக் காலத்துக்கென எவராவது ஓர் ஏற்பாட்டைப் புதிதாக வகுத்திருந்தால், இதைவிட வேறு எதை வகுத்திருப்பார்?

பின்னாளில் பெரிய பாசறைகள் மீது எமக்கு மோகம் வந்துவிட்டது. ஆயிரக் கணக்கானோர் அணிவகுத்து நிற்கும் படம் பத்திரிகையில் வந்தால் தான் சாரணியம் நடந்ததாகக் கருதுகிறோம். 2023 ஓகஸ்டில் தென் கொரியாவின் சேமாங்கம் என்ற இடத்தில் உலகச் சாரணர் ஜம்போரிக்கு 40,000 க்கும் அதிகமானோர் கூடினார்கள். கடலை நிரப்பி எடுத்த, நிழலற்ற நிலம். வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். புயல் வருகிறது என்று முடிவுக்கு முன்னரே அனைவரும் அகற்றப்பட்டார்கள். பருவத்தையும் நிலத்தையும் பாராது நாட்காட்டியை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

விவசாயக் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எந்த மாதம் நாற்று, எந்த மாதம் அறுவடை என்று காற்றையும் மழையையும் வைத்தே நாம் கணக்கிடுகிறோம். பிள்ளைகளின் ஓராண்டுத் திட்டத்தையும் அவ்வாறே போட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை எமது கரையில் மழை குறைவு, காற்றும் மட்டு. களப்பில் பறவை நிறைந்திருக்கும். நீண்ட நடைக்கும், திறந்த வானின் கீழ் ஓரிரவு தங்குவதற்கும் ஏற்ற காலம் இதுவே. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முந்தி வருவதால், இந்த ஆண்டுகளில் அது இப்பருவத்துக்குள் விழுகிறது. ஆகவே நடையை ஜனவரியிலேயே முடித்துக்கொண்டு, நோன்பில் மாலை நேரத்து வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் வெயில் கொடுமை. காலை ஒன்பது மணிக்குப் பின் எந்த வேலையும் வேண்டாம்.

மே நடுப்பகுதியில் தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். சோளகம் என்றும் கச்சான் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் இக்காற்று செப்டெம்பர் வரை ஓயாது. கூடாரம் கடற்பக்கம் நிற்காது. கண்ணிலும் சோற்றிலும் மணல் விழும். ஆயினும் நோய்க் காலத்தில் இது வரப்பிரசாதம், ஏனெனில் ஒருவரின் மூச்சு அடுத்தவரிடம் தங்காமல் அடித்துச் சென்றுவிடும். களப்புப் பக்கமாக, தென்னந்தோப்பின் மறைவில் அணி கூடலாம். பட்டம் கட்டுதல், முடிச்சுகள், திசைகாட்டி வாசித்தல், சைக்கிள் திருத்துதல் போன்றவற்றை இம்மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். கடலில் இறங்குவதும் தீ மூட்டுவதும் இக்காலத்தில் முற்றாகவே கூடாது. கிடுகு வேலிகளுக்கு நடுவே சோளகத்தில் ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்பதை அகதி முகாமில் வாழ்ந்த எவரும் அறிவர். தீப்பாசறை இல்லாமல் சாரணியமா என்று கேட்பவர்கள் ஜனவரி வரை பொறுத்திருக்கட்டும்.

ஒக்டோபர் பிறந்தால் மாரி. மழை ஒதுங்க எல்லாரும் ஒரு மண்டபத்துக்குள் ஓடுவது தான் இக்காலத்தின் ஆபத்து. சுவரில்லாத கொட்டகை ஒன்று, நான்கு கம்பும் ஒரு படங்கும் போதும், ஒவ்வொரு அணிக்கும் தனியாக இருக்க வேண்டும். டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைத் தேடி அழித்தல், பனங்கொட்டை நடுதல், களப்போரத்தில் கண்டல் நாற்று வைத்தல் ஆகியவற்றுக்கு இதுவே பருவம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எமது மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டோம். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதைத் தமது காலால் நடந்து வரைபடமாக்கி வைத்திருக்கும் ஆறு பிள்ளைகள் ஓர் ஒழுங்கைக்கு இருந்தால், அந்தப் படம் கிராம அலுவலருக்கும் உதவும்.

ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு திட்டங்கள் எழுதப்பட வேண்டும். ஒன்று திறந்த நாளுக்கு, மற்றது அடைத்த நாளுக்கு. ஊரடங்கு விழுந்தால் அணி கலையாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வளவுக்குள் ஒரே வேலையைச் செய்யும். ஓர் உதாரணம் சொல்கிறேன். அரை முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நீர்மட்டத்தைக் கிழமைக்கு ஒருமுறை கொப்பியில் குறிக்கலாம். முடிச்சுப் பழகியதாகவும் இருக்கும், கணக்குப் பழகியதாகவும் இருக்கும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் கிணறுகள் ஆழமற்றவை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நாம் போடும் பசளை அந்த நீரில் இறங்கி, நைத்திரேற்று அளவு கூடிவிட்டதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே பிள்ளைகள் எடுக்கும் இக்கணக்கு தகப்பனின் தோட்டத்துக்கும் பயன்படும். பாசறை போடும் இடத்தில் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்ற கேள்விக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பதில் பெற்று வைக்க வேண்டும்.

திறந்த நாட்களுக்கான ஒழுங்குகளுள் போக்குவரத்தை முதலில் சொல்வேன். கடற்கரையில் நோய் தொற்றுவது அரிது. கடற்கரைக்குக் கொண்டுபோகும் நெரிசல் பஸ்ஸில் தான் தொற்றும். நடந்தும் சைக்கிளிலும் போகக்கூடிய தூரமே எமது எல்லை. ஓர் அணியில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஆண்டு முழுதும் அதே எட்டுப் பேர், அதே இரண்டு பெரியவர்கள். கோப்பையும் குவளையும் அவரவர் வீட்டிலிருந்து. இரவு தங்கினால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஒரு கூடாரத்துள். இன்னொன்று சிறிதாகத் தோன்றினாலும் முக்கியமானது. அணிகளுக்கிடையே புள்ளி போடும்போது வரவுக்குப் புள்ளி கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இருமலோடு இருக்கும் பிள்ளை புள்ளிக்காக எழும்பி வருவதற்கு நாமே வழி செய்கிறோம். "இன்று எனக்குச் சுகமில்லை, வரமாட்டேன்" என்று சொல்லி அனுப்பும் பிள்ளைக்குத் தான் புள்ளி கொடுக்க வேண்டும்.

இவ்வாறு சொல்லும் துணிவு பிள்ளைக்கு வருமா என்பது வீட்டைப் பொறுத்தது. இங்கே கசப்பான ஒரு விடயத்தைத் தொடாமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர் எவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை இவ்விதி மாற்றப்படவில்லை. பச்சிளம் குழந்தையும் எரிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது. முஸ்லிம் குடும்பங்களைப் போலவே, அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் இதனால் நொந்தன. நோயைச் சொன்னால் மையித்தும் கிடைக்காது என்ற அச்சம் ஒரு வீட்டில் புகுந்துவிட்டால், அவ்வீட்டுப் பிள்ளை தன் காய்ச்சலை யாரிடம் சொல்லும்? ஏற்கனவே பட்டியல் என்றாலே பயந்த மக்கள் நாம். பதிவு ஒரு மாவட்டத்தில், சீவியம் இன்னொரு மாவட்டத்தில் என்று எத்தனை அலுவலக மேசைகளின் முன் நின்றிருக்கிறோம். ஆகவே அணியின் பெயர்ப்பட்டியல் ஊருக்குள்ளேயே, பெற்றோர் நம்பும் ஒருவரின் கையில் இருக்கட்டும். எந்தப் பெயரை எப்போது யாருக்குக் கொடுப்பது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியோடும், பள்ளிவாசல், கோவில், ஆலய நிர்வாகங்களோடும் நோயில்லாத நல்ல காலத்திலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். நோய் வந்த பின் பேசினால் அது விசாரணை போலவே இருக்கும்.

தொலைபேசியில் நடத்தினால் என்ன என்று நகரத்திலுள்ளவர்கள் கேட்கிறார்கள். 2020 ஏப்ரல் 3 முதல் 5 வரை உலகச் சாரணர் அமைப்பு வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கென இணையவழி ஜம்போரி ஒன்றை நடத்தியது. நல்ல முயற்சி தான். ஆனால் வீட்டுக்கு ஒரு தொலைபேசி, அதுவும் வாப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும் என்ற நிலையில் எமது பிள்ளைகள் எத்தனை பேர் அதில் சேர்ந்திருக்க முடியும்? 2021 இல் இந்நாட்டின் உட்கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்த படங்களை உலகமே பார்த்தது. மரம் ஏறுவது சாரணியம் என்றால் அதில் ஒரு பகுதி நிறைவேறியது எனலாம்.

செலவைப் பற்றியும் பெண்பிள்ளைகளைப் பற்றியும் கேள்விகள் வரும். சீருடைக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை அணியில் சேரக்கூடாது என்று எவரும் சட்டம் எழுதவில்லை. கழுத்துத் துணி ஒன்று போதும். அதுவும் பிந்தி வரலாம். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, இரவு தங்கல் இல்லாத, இரண்டு உம்மாமாரோ அம்மாமாரோ கூடவே இருக்கும் பகல் அணிகளை முதலில் ஆரம்பிப்போம். ஊரடங்குக் காலத்தில் வீட்டு வேலையின் பாரம் முழுவதும் அவர்களின் தோளில் விழுந்தது. வெளிக்காற்று அவர்களுக்கே அதிகம் தேவை. இதைவிடக் கடினமான தடை வெங்காயத் தோட்டம். பாடசாலை பூட்டிய நாட்களில் கூலிக்குப் போன பையன்களுள் சிலர் திரும்பி வகுப்புக்கு வரவேயில்லை. பசியோடு இருக்கும் குடும்பத்திடம் பிள்ளையை முடிச்சுப் போடப் பழக அனுப்புங்கள் என்று கேட்பது எனக்கும் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் கிழமையில் ஒரு பின்னேரம், மூன்று மணித்தியாலம், என்று கேட்கலாம். அந்த மூன்று மணித்தியாலத்தில் அவன் கூலிக்காரன் அல்ல, பதினாலு வயதுப் பையன். பாடசாலை மறுபடி திறக்கும் நாளில் அவனை வீடு தேடிப் போய்க் கூட்டிவர அவனது அணியில் ஏழு பேர் இருப்பார்கள்.

செப்டெம்பர் முடிவதற்குள், காற்று ஓய்ந்து மழை தொடங்கும் முன், ஒவ்வொரு குடியிருப்பிலும் பெற்றோர் ஆறேழு பேர் ஒரு மரத்தடியில் கூடுங்கள். ஒரு கொப்பியில் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஒரு மாதமாக, திறந்த நாளுக்கான வேலையை இடப்பக்கமும் அடைத்த நாளுக்கான வேலையை வலப்பக்கமும் எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே நாய் கடிக்கும் என்பது அவர்களுக்குத் தான் தெரியும். எழுதிய கொப்பியின் ஒரு பிரதியைப் பாடசாலை அதிபருக்கும், ஒன்றைச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுத்துவிட்டு, முதற் கயிற்றை இந்த மாரியிலேயே கிணற்றில் இறக்கிப் பாருங்கள்.